பிழையான தூள்

போஹும் என்று ஓர் ஊர்.
கடிதத்தில் எழுதும்போது போகும் என்றே எழுதுவேன்.
போயும் விட்டது.

அந்த ஊர் ரயில் நிலையத்தின் பின்வாசலில்
விடிய ஐந்தரைக்கு ஒரு மேசை நிற்கும்,
நெஞ்சளவு உயரம், கதிரை கிடையாது.
இரவு முழுக்க ஆரோவின் கந்தோரைத் துடைத்த கையோடு
முழங்கையை அதில் ஊன்றுவேன்.
கேட்காமலே வரும்:
துண்டுதுண்டாய் நறுக்கிய வூர்ஸ்ட்,
மேலே சிவப்பாய்த் தக்காளிக் குழம்பு,
அதற்கும் மேலே மஞ்சள் தூள்
கொஞ்சம்போல, குளிருக்குப் பயந்து ஒட்டிக்கொண்டு.
கடதாசித் தட்டு. இரண்டு பல்லுள்ள மரமுள்ளு.

முதல்நாள் ஹைக்கே அதன் பெயரைச் சொன்னாள்:
கறிவூர்ஸ்ட்.
கறி என்ற சொல் காதில் விழுந்ததும்
சனநெரிசலில் ஊராள் ஒருத்தியைக் கண்டதுபோல் நிமிர்ந்தேன்.
வாயில் வைத்தேன்.
ஊராள் இல்லை.
எந்தக் காலத்திலோ கப்பலேறி
மிளகாயைத் தொலைத்து, கறிவேப்பிலையைத் தொலைத்து,
பெயரை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள்.
என்னைப் போல என்று சொல்ல வாய் வருகிறது.
இல்லை, நான் பெயரிலும் பாதியை விட்டேன்.
நகுலாம்பிகை அங்கே ஃப்ராவ் நகுல்.

பதினொரு வருடம் சாப்பிட்டேன்.
ருசி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது உவர்மலையில் வீடு.
கீழே உட்துறைமுகம், மீன்காரரின் ஹோர்ன் சத்தம்,
பாரைக் குழம்பு, கணவாய்ப் பொரியல்,
கண்ணை மூடிக்கொண்டு நண்டுக்கால் உடைக்கிற பிள்ளைகள்.
இவ்வளவுக்குள்ளும்
மாரி மழை துறைமுகத்தில் வெள்ளையாய் நிற்கும்போது
எனக்கு வருகிற ஆசையை
ஆரிடம் சொல்ல?

ஜௌபரின் கடையில் கோழிச் சொசேஜ் வாங்கினேன்.
(அங்கே தின்றது பன்றி.
அதை இந்தத் தெருவில் நான் சொல்லப் போவதில்லை.)
வீட்டுத் தூளைப் போட்டேன்,
கருக வறுத்து இடித்தது.
அந்தத் தூளுக்கு முன்னால் சொசேஜ் வாயே திறக்கவில்லை.
நல்ல கறி. அதுதான் பிழை.
விமலேந்திரன் கோப்பையை வழித்துவிட்டு
புட்டுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கா என்றார்.

அடுத்த வியாழன் செத்தல்மிளகாயைப் பாதியாக்கினேன்.
வெள்ளி வீட்டில் மச்சமில்லை, வியாழன்தான் எனக்குக் கிடைத்த நாள்.
அதற்கடுத்த வியாழன் வறுக்கவேயில்லை.
சோம்பு வேண்டாம், பட்டை வேண்டாம், மஞ்சள் கூட.
நாற்பது வருடம் கை பழகியதை
ஒவ்வொரு சரக்காய்ப் பின்னுக்கு எடுத்தேன்.
மில்லில் அந்தோனிமுத்து தூளை முகர்ந்து பார்த்தார்.
"ஆருக்கு அக்கா, பிள்ளைப்பெத்த ஆளுக்கா?"

நாலாந்தரம் கிட்ட வந்தது.
ஆனாலும் ஏதோ இல்லை.
மேசையில் இருந்து சாப்பிட்டால் அது வெறும் சாப்பாடு.

டப்பாவில் போட்டுக்கொண்டு டச்பேக்கு நடந்தேன்.
கடலோரம் ஒரு மதில், என் நெஞ்சளவு.
கடதாசித் தட்டை அதில் வைத்து
முழங்கையை ஊன்றி, காலை மாற்றி மாற்றி நின்று,
ஈர்க்குச்சியால் குத்தி
சுடச்சுட வாயில் வைத்தேன்.

வந்துவிட்டது.
அந்த மந்தமான, அசட்டு மஞ்சள்.
எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்களைத் தெரியாத அது.
கண் கலங்கியது, காரம் இல்லாமலே.
"அம்மா, என்ன அது?" என்று ஐஸ்பழம் விற்கிற பெடியன் கேட்டான்.
கறி என்றேன்.
எட்டிப் பார்த்தான். நம்பவில்லை.

கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
பின்னால் நின்றிருக்கிறது.
தட்டைக் கீழே வைக்க முந்தி
குழம்போடு கடதாசியை இழுத்து
அவசரமே இல்லாமல் மென்றது.
ஒருக்கால் தும்மியது.
பிறகு என் கையை மணந்து பார்த்து
இன்னும் இருக்கா என்பதுபோல் நின்றது.

திங்கள் மில்லுக்குப் போனேன்.
அதே தூள், அரைக்கிலோ.
ஓமோம் அந்தோனிமுத்து,
பிள்ளைப்பெத்த ஆளுக்குத்தான்.